தேதி தவறிய சரக்கு

முத்துப்பேச்சியைக் கேட்காமல் அந்த லைன் வீட்டுக்காரர்கள் ஒரு பற்பசைகூட வாங்கமாட்டார்கள். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளைத் தாண்டி உள்ளே போனால் எதிரும் புதிருமாகப் பத்து வீடுகள். அதில் ஏழாவது அவளுடையது. மூட்டுவலித் தைலமா, பிள்ளைக்குச் சத்துமாவா, வயசுப் பெண்ணுக்கு நாப்கினா, எதுவானாலும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள்.

"இந்தக் கருமத்துக்கா அம்புட்டுக் காசு? டிவியில பல்லக் காட்டுற பொம்பளைக்குச் சம்பளம் யாரு குடுக்குறாகன்னு நெனச்ச? நீதான் குடுக்குற" என்பாள். அவ்வளவுதான். அந்தச் சாமானுக்கு அந்தக் காம்பவுண்டில் அன்றோடு ஆயுசு முடிந்தது.

இந்த வித்தை கம்பெனியில் வந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தவசியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து இருபத்து மூன்று வருஷம். அதில் இருபது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள். தைத்து வருகிற பனியனை விரித்துப் போட்டு, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக எறிய வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது அவளுக்குத் தொழில். அந்த டேபிளில் நின்று அவள் கற்றுக்கொண்ட பெரிய பாடம் வேறொன்று. ஒரே துணி, ஒரே தையல், ஒரே கை. காலையில் ஒரு லேபிள் வைத்துத் தைப்பார்கள், மத்தியானம் இன்னொரு லேபிள். முதலாவது வெளிநாட்டில் ஏழை பாழைகள் வாங்கும் கடைக்குப் போகும். இரண்டாவது கண்ணாடி மாளிகைக்குப் போய்ப் பத்து மடங்கு விலைக்கு நிற்கும். இதைத் தன் கண்ணால் பார்த்தவளிடம் போய் எந்த விளம்பரக்காரன் என்ன கதையை விட முடியும்?

தவசி அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். காலை எட்டரையிலிருந்து நின்ற கால் நின்றபடி நீராவிப் பெட்டியைத் தேய்க்கிற வேலை. நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டான். ஒரே மகள் வேல்விழியை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனி என்ன, இரண்டு பேரும் உழைத்தோம் தின்றோம் என்று கிடக்கலாம் என்றிருந்தபோதுதான் சர்க்கரை வந்து சேர்ந்தது.

டாக்டரம்மா தவசியின் பாதத்தில் ஊசி மாதிரி ஒன்றை வைத்து வைத்து எடுத்தார். இவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாத்தீங்களா, குத்தறது அவருக்குத் தெரியவே இல்லை. பாதத்துல உணர்ச்சி போயிட்டு இருக்கு. சர்க்கரை மட்டும் ஏறவே கூடாது. ஏறின நேரத்துல ஒரு சின்னக் காயம் பட்டா ஆறாது, காலையே எடுக்க வேண்டி வந்துரும். வீட்டுலயே மெஷின் வாங்கி வாரத்துக்கு ரெண்டு தடவை பாருங்க."

நின்று செய்கிற வேலைக்காரனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? அன்றைக்கே முத்துப்பேச்சி மெஷின் வாங்கினாள். ஒரு சொட்டு ரத்தத்தை சின்ன அட்டைத்துண்டு மாதிரி இருக்கும் ஸ்ட்ரிப்பில் தொட்டால் நம்பர் வரும். புருஷன் கால் தன் கையில் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

மாத்திரைக்கு அமானுல்லா பாய் கடை. மெயின் ரோட்டில் சின்ன மெடிக்கல் ஷாப். மூன்றாவது மாதமே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"பாய், இந்த மாத்திரையும் அந்தா அந்தப் பச்சை டப்பா மாத்திரையும் ஒரே மருந்துதான? மேல லேபிள்தான வேற?"

பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார். "படிக்காத டாக்டரம்மா நீங்க. ஆமா, உள்ள மருந்து ஒண்ணுதான், கம்பெனிதான் வேற. விலையும் கம்மி. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அப்புறம் தாரேன்."

கேட்டாள். டாக்டரம்மாவும் சரி என்றார். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை சொன்னபடி கேட்டு அடங்கியிருந்தது. அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? காம்பவுண்டே அவள் பின்னால் வந்து மாத்திரை மாற்றியது. அவள் செய்தது சரிதான். அதுதான் வினையாகப் போனது. ஒரு முறை தப்பாகப் போயிருந்தால் பயம் வந்திருக்கும். சரியாகவே நடந்துகொண்டிருந்தால் மனுஷருக்குத் தலைக்குமேல் ஒரு கண் முளைத்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வேன்காரன் தார்ப்பாயை விரித்துக் கடை போட்டிருந்தான். முழங்கால் உறை, புரோட்டீன் டப்பா, ஷாம்பூ, பெரியவர்களுக்கான டயப்பர், எல்லாம் வெயிலில் குவிந்து கிடந்தது. "கம்பெனி மூடுன சரக்கு, பாதிக்குப் பாதி" என்று கத்திக்கொண்டிருந்தான். குவியலுக்குள் அவளுடைய மெஷினுக்குப் பொருந்துகிற ஸ்ட்ரிப் டப்பாக்கள். முத்துப்பேச்சி குந்தி உட்கார்ந்துவிட்டாள். செக்கிங் டேபிளில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் அனுசுயாவும் கூட வந்திருந்தாள், சேவூர்க்காரி.

டப்பாவின் அடியில் தேதி இருந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர். முத்துப்பேச்சியின் கண்ணுக்கு ஸ்டிக்கர் தப்புமா? நகத்தால் சுரண்டினாள். உள்ளே பழைய தேதி.

"அக்கா, இது தேதி முடிஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சுங்களே. வேண்டாமுங்க, வெச்சுப்போடுங்க" என்றாள் அனுசுயா.

"அடி போடி இவளே. போன மாசம் நம்ம கம்பெனியில கப்பல் தேதி தவறிப்போச்சுன்னு ஆர்டரையே கேன்சல் பண்ணுனானே வெளிநாட்டுக்காரன், அந்தப் பனியனு கெட்டா போச்சு? நீயும் நாலு பீஸ் வாங்கத்தான செஞ்ச? இன்னிக்கும் போட்டுக்கிட்டுத்தான் நிக்கிற. தேதி போனது வாங்குறவனுக்கு, சரக்குக்கு இல்ல."

அனுசுயா குனிந்து தான் போட்டிருந்த டி-ஷர்ட் பனியனைப் பார்த்துக்கொண்டாள். திருப்பூரில் தேதி தவறிய சரக்கை உடுத்தாத உடம்பு எது? கொஞ்சமும் குறையில்லாத துணி, ஒரு நாள் பிந்திப்போன பாவத்துக்குத் தெருவில் குவிந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர் இது. தேதி என்பது கப்பல்காரனும் கடைக்காரனும் போட்டுக்கொள்கிற சண்டை, பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இங்கே ஒருத்தி நினைத்தால் அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பனியன் வேறு, இது வேறு. அந்த ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் மருந்து நாள்பட்டால் சாகும், வெயில் பட்டால் சாகும். அதைத் தொட்டுப் பார்த்தோ மோந்து பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. பாய் கடை ஐந்து நிமிஷ நடை. ஒரு எட்டுப் போய்க் கேட்டிருக்கலாம். பாதி விலைக்கு வெளியே வாங்கியதை அவரிடமே எப்படிக் காட்டுவது என்று கூச்சம். கேட்கவில்லை.

பன்னிரண்டு டப்பா வாங்கினாள். வாங்கிவிட்டுச் சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. கம்பெனிப் பழக்கம், சாம்பிள் பார்த்தாள். பாய் கடையில் வாங்கி மிச்சமிருந்த ஸ்ட்ரிப்பில் ஒன்று, சந்தையில் வாங்கியதில் ஒன்று, தவசியின் ஒரே விரலில் தொட்டுப் பார்த்தாள். சந்தைச் சரக்கில் இருபது குறைவு. அளவுச் சார்ட்டில் அரை இஞ்சு முன்னப்பின்ன இருந்தால் பாஸ் போடுவதில்லையா? பாஸ் போட்டாள். காம்பவுண்டில் சர்க்கரைக்காரர் வீடுகள் நான்குக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். அதில் ஒன்று வீட்டுக்காரம்மா முத்தாத்தாளுக்கு. அறுபதைத் தாண்டியவர், அந்தப் பத்து வீடும் அவருடையது, முன்வீட்டில் தனியாக இருந்தார். "மகராசியா இரு கண்ணு" என்று வாங்கி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் அந்த வீட்டில் நல்ல மாதங்கள். நூற்று முப்பத்தைந்து, நூற்று முப்பது, நூற்று இருபத்தெட்டு. முத்துப்பேச்சி நம்பரைப் பார்த்துவிட்டு மெஷினைத் தவசி முகத்துக்கு நேரே நீட்டுவாள். அவன் பிள்ளை மாதிரி சிரிப்பான். இரண்டு வருஷமாகக் கேழ்வரகுக் களியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன், முதலில் ஒரு கரண்டி சோறு கேட்டான், அப்புறம் இரண்டு. சாயங்காலம் பேக்கரியில் தேங்காய் பன். இராத்திரி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தவள் முத்துப்பேச்சிதான். நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு விஷத்தைப் போடணும் என்றாள்.

"ஸ்ட்ரிப்பே வாங்கறதில்லையேம்மா, சுகர் பாக்கறீங்களா இல்லையா?" என்று பாய் ஒருநாள் கேட்டார்.

"இப்பல்லாம் நூத்தி முப்பதுக்கு மேல போறதே இல்ல பாய். அதான் அடிக்கடி பாக்குறதில்ல" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்தாள்.

தவசி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். நீராவிப் பெட்டியின் சூடு என்றாள். இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. கொழுப்பு கரையுது, நல்லதுதான் என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. பதில் எங்கிருந்து வந்தது? அந்த மெஷினில் வருகிற நம்பரிலிருந்து.

சித்திரை மாதத்தில் ஒருநாள், அயர்ன் டேபிளுக்குக் கீழே நீராவிக் குழாய் மூட்டு விட்டு, கொதிக்கிற தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தவசியின் வலது பாதத்தில் விழுந்திருக்கிறது. எவ்வளவு நேரம் விழுந்ததோ, அவனுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது சுண்டுவிரலோரம் தோல் வெள்ளையாக உப்பி நின்றது. முத்துப்பேச்சி பதறிப்போய் முதல் வேலையாக மெஷினை எடுத்தாள். நூற்று இருபத்தாறு.

"அப்பாடா" என்றாள். "சர்க்கரை இல்ல. சீக்கிரம் ஆறிரும்."

டாக்டரம்மா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அதை நினைத்துத்தான் பார்த்தாள், அதை நினைத்துத்தான் நிம்மதியானாள். களிம்பு போட்டுக் கட்டினாள். இரண்டு நாள் விட்டு ஒருநாள் பார்த்தாள். நம்பர் நன்றாகவே இருந்தது. புண் நன்றாக இல்லை. பத்தாம் நாள் கட்டை அவிழ்த்தபோது வாடை அடித்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. மறுநாள் காலையில் பாய் கடைக்குப் போய், "ஆறாத புண்ணுக்கு நல்ல களிம்பாக் குடுங்க பாய்" என்றாள்.

"சுகர் எவ்வளவும்மா?"

"நூத்தி இருவத்தெட்டு."

பாய் அவளையே பார்த்தார். "அந்தச் சுகருக்குப் புண்ணு கறுக்காதும்மா. களிம்பு அப்புறம். ஆட்டோ வெச்சு ஆளைக் கூட்டிட்டு வாங்க மொதல்ல."

தவசி கடைப் படியில் உட்கார்ந்தான். பாய் புது டப்பாவைப் பிரித்து ஒரு சொட்டு எடுத்தார். நம்பரே வரவில்லை. இங்கிலீஷில் இரண்டு எழுத்து மட்டும் வந்தது. முத்துப்பேச்சி எட்டிப் பார்த்து, "மிசினு கெட்டுப்போச்சா பாய்?" என்றாள்.

"கெடலைம்மா. மெஷின் அளக்கற அளவுக்கு மேல போயிருச்சுன்னு அர்த்தம்." பாயின் குரல் இறங்கிவிட்டது. "இத்தனை நாளா எதுல பாத்தீங்க?"

எதில் பார்த்தாள் என்பது பாய்க்குத் தெரிய வேண்டியதில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படியிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பாய்தான் ஆட்டோக்காரனிடம் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி அனுப்பிவைத்தார்.

ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். நான்கு நாள் பார்த்தார்கள். சீழ் மேலே ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம் என்று கையெழுத்துக் கேட்டார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் தவசியின் கட்டிலருகே போய் நின்றாள். மறைக்க அவளால் ஆகவில்லை. வேன்காரன், ஸ்டிக்கர், நகத்தால் சுரண்டியது, அனுசுயா வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் கொட்டினாள். "நான்தாங்க உங்க காலத் தின்னுட்டேன். தெரிஞ்சே வாங்குனேன். என்னைய அடிங்க, செருப்பக் கழட்டி அடிங்க" என்று கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தவசி அவள் தலையைக் கம்பியிலிருந்து விலக்கினான். பிறகு, "பேச்சி, ஒண்ணு சொல்லுவேன், சத்தம் போடாத" என்றான்.

"சொல்லுங்க."

"பொங்கல் கழிஞ்சு கம்பெனியில மெடிக்கல் கேம்ப் போட்டாகல்ல. அன்னிக்கு அந்த நர்சம்மா பாத்துச்சு. முன்னூத்தி நாப்பதுன்னு சீட்டுல எழுதிக் குடுத்துச்சு. ஒடனே டாக்டரப் பாருங்கன்னுச்சு."

"எங்கிட்டச் சொல்லலியே?"

"எங்க வீட்ல நேத்துத்தான் பாத்தோம், நூத்தி இருவத்தெட்டு, ஒங்க மிசினுதான் தப்புன்னு அந்தப் பிள்ளகிட்டச் சண்ட போட்டேன். சீட்டக் கிழிச்சுக் கம்பெனி கேட்டுலயே போட்டுட்டு வந்துட்டேன்." அவன் அவள் கையைப் பிடித்தான். "நீ பாத்து வாங்குனது. உன்னைய விட அந்த மிசினு பெருசா?"

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். இருபது வருஷம் கண்ணைக் கெடுத்துச் சம்பாதித்த பெயர். அந்தப் பெயரை நம்பி ஒருத்தன் காலைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அவள் ஓவென்று அழுதாள். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னார். போய்க் கையெழுத்துப் போட்டாள்.

கால் எடுத்த மூன்றாம் நாள் வேல்விழி வந்து அப்பனுக்குக் காவல் இருந்தாள். மாற்றுத்துணி எடுக்க முத்துப்பேச்சி அனுப்பர்பாளையம் வந்தாள். வீட்டைத் திறக்கவில்லை. பேருந்தில் வரும்போதே மனசில் இருந்தது அந்த நான்கு டப்பாக்கள். மூன்று வீடுகளில் ஏறி இறங்கினாள். சொன்னதும் பதறி எடுத்துக் கொடுத்தார்கள். ஒருத்தி கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டாள். கடைசியாக முன்வீடு.

முத்தாத்தாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் கண் கலங்கிவிட்டார். "என்ற சாமி, இப்படி ஆகிப்போச்சே உனக்கு. உக்காரு கண்ணு, ஒரு வாய் சாப்புடு."

"சாப்பாடு இருக்கட்டும்மா. நான் குடுத்தேன்ல, சுகர் பாக்குற டப்பா, அதக் குடுங்க. அது செத்துப்போன சரக்கு. அத நம்பித்தான் அவுகளுக்குக் கால் போச்சு."

முத்தாத்தாள் எழுந்திருக்கவில்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "அவருக்கு நேரஞ் செரியில்ல கண்ணு. டப்பா என்ன பண்ணும்? எனக்கு நல்லாத்தான் காட்டுது."

"நல்லாக் காட்டுறதுதான்மா அதோட கேடே."

"இல்ல கண்ணு." அந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார், சுற்றுமுற்றும் பார்த்தார். "போன வாரம் என்ற பையன் வந்து அவன் மிசின்ல பாத்தான். முன்னூத்தி அறுவதுன்னு சொல்லிப்போட்டு அவம் பாட்டுக்குப் போயிட்டான். அன்னைக்குப் பூராவும் எனக்குத் தண்ணி கூட எறங்கல. மறுநா காலையில உன்ற டப்பாவுல பாத்தேன், நூத்தி நாப்பது. அப்பத்தான் உசுரு வந்துச்சு. இன்னொண்ணு இருந்தாலும் குடு சாமி, இது தீரப்போகுது."

முத்துப்பேச்சி அந்த முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நேரே உள்ளே போய், அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த டப்பாவை எடுத்து, வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். ஸ்ட்ரிப்பெல்லாம் சாயத்தண்ணீரில் மிதந்து போயின. வாடகைக்கு இருக்கிறவள் வீட்டுக்காரம்மா வீட்டில் செய்கிற காரியமா அது? முத்தாத்தாள் வாயில் கையை வைத்துக்கொண்டு, பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முத்துப்பேச்சி திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தாள். "எந்திரிங்கம்மா. ஒங்க கால்ல விழுறேன். இப்பவே பாய் கடைக்குப் போவோம். புது டப்பா, நான் வாங்கித் தாரேன். பாத்துட்டு டாக்டருகிட்டப் போயிரலாம்."

முத்தாத்தாள் மெல்லக் கையை உருவிக்கொண்டார். தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

"நான் வரலை கண்ணு. அங்க போனா நெசத்தைச் சொல்லிப்போடுவாங்க."